ஏழு குழாய்த் தேத்தண்ணியும் லெட்சுமியின் தலைமுடியும்

போன மாதம் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். முப்பத்தாறு வருஷம் ஊரார் விரலையெல்லாம் குத்தியவள் நான். இப்போது மாதம் ஒரு தடவை என் விரலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. குத்தியது நிவேதா என்கிற புதுப் பெண். நல்ல கை, வலிக்கவில்லை. ஆனால் தலைமுடி! பார்லரில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சாயம் போட்டதாம். பீட்ரூட்டுக்கும் துருப்பிடித்த தகரத்துக்கும் நடுவே ஒரு நிறம்.

"மேடம், செம்பட்டை முடி இருக்கறவங்களுக்கு ரத்தம் சீக்கிரம் நிக்காதாமே? பரம்பரையா வர்றதாம். போன்ல படிச்சேன். நெசமாங்களா?" என்று கேட்டாள்.

நான் சிரித்த சிரிப்பில் அவள் கையில் இருந்த பஞ்சு கீழே விழுந்தது. "அம்மணி, அதை நிரூபிக்கறேன்னு என் ஆயுசுல ரெண்டு வருஷத்தை ஒரு மனுஷன் தின்னுட்டுப் போனாரு" என்றேன். அவள் விடவில்லை. எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டாள். அதனால்தான் இது.

என் ஊர் கோபிப் பக்கம். பேர் கண்ணம்மாள். கோயம்புத்தூரில் ஒரு வருஷம் லேப் டெக்னீசியன் படிப்பு. சளி, சிறுநீர், மலம், ரத்தம் என்று நான்கையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பொறுமை என்று ஐந்தாவதாக ஒன்றையும் சொல்லித் தந்தார்கள், அது மட்டும் எனக்கு வரவேயில்லை. படிப்பு முடிந்த கையோடு குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சிலோனில் இருந்து கப்பல் கப்பலாக நம் ஜனங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களை வைத்து மலை மலையாகப் புதுத் தேயிலை நட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் பதினொரு மணிக்குப் பெட்டியும் கையுமாகப் போய் நின்றேன். பெரிய டாக்டர் அரங்கநாதன் தலை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பின்னலைப் பார்த்தார். எனக்குப் பிறவியிலேயே செம்பட்டை முடி. பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் கண்ணம்மா என்று கூப்பிட்டதில்லை, "ஏ செம்பட்டை"தான்.

"உக்காருங்கம்மணி. காதைக் காட்டுங்க" என்றார்.

வேலைக்கு வந்தவளின் காதை எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. காது மடலைத் துடைத்தார், ஊசியால் சுருக்கென்று ஒரு குத்துக் குத்தினார். கோட்டுப் பையில் இருந்து ஸ்டாப் வாட்ச்சை எடுத்து அமுக்கி, "ஓடட்டும்" என்றார். அந்த வாட்ச், ஊட்டி குதிரைப் பந்தயத்தில் பந்தயம் பார்க்கிற யாரோ அவருக்குக் கொடுத்தது. என் ரத்தத்தைக் குதிரை மாதிரி ஓட விட்டுப் பார்த்த முதல் மனுஷன் அவர்தான்.

மூன்று நிமிஷத்தில் நின்றுவிட்டது. அடுத்து விரலைக் குத்தி உறையும் நேரம் பார்த்தார். நான்கு நிமிஷம். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு பெரிய ரெஜிஸ்டரைத் திறந்து என் பேரை எழுதி, பக்கத்தில் "விதிவிலக்கு" என்று எழுதிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர் இளவட்ட டாக்டராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார சர்ஜனிடம் வேலை பார்த்திருக்கிறார். தலைமுடி செக்கச்செவேல் என்று இருந்த ஒரு தோட்டத்துத் துரைக்கு அந்த சர்ஜன் சின்ன ஆபரேஷன் ஒன்று செய்யப்போய், ரத்தம் நிற்காமல் மேஜையெல்லாம் நனைந்து, மனுஷன் மறுபிறவி எடுத்து வந்திருக்கிறார். "செம்பட்டைக்காரன் ரத்தம் நிக்காது, ரங்கநாதா" என்று சர்ஜன் சொன்னது இவர் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. அதை நிரூபித்து, மெட்ராஸில் டாக்டர்கள் மாநாட்டில் கட்டுரை படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

சிலோன்காரர்கள் வந்து இறங்கியதும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கப்பல், முகாம், ரயில் என்று மாதக்கணக்கில் அரை வயிறும் எண்ணெய் காணாத தலையுமாக வந்த ஜனம். வெயிலிலும் காய்ந்து வந்ததில் வரிசையில் பாதிக்குப் பாதி செம்பட்டை. சோறில்லாமல் வந்த நிறத்தையும் பிறவி நிறத்தையும் ஒரே ரெஜிஸ்டரில் எழுதினோம். எழுதியவள் நான்தான். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

மனுஷர் எதிலும் கண்டிப்பு. சும்மா "செம்பட்டை" என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டார். எந்த அளவு செம்பட்டை? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஏழு கண்ணாடிக் குழாய்களில் தேத்தண்ணி. ஒன்றாம் நம்பர், இலையைக் காட்டி எடுத்தது. ஏழாம் நம்பர், கொதித்துக் கொதித்துக் கறுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஆளைத் திருப்பி நிறுத்தி, ஒரு பிடி முடியை இழுத்துக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்து நம்பர் சொல்ல வேண்டும். நான்குக்குக் கீழே இருந்தால் செம்பட்டை. திங்கட்கிழமைதோறும் புதுசாகப் போடுவது வார்டு பாய் போஜனின் வேலை. ஒரு வாரம் குளிர் தாங்காமல் போஜன் நான்காம் நம்பரைச் சுட வைத்துக் குடித்துவிட்டு, ஐந்தாம் நம்பரில் தண்ணீர் கலந்து அந்த இடத்தில் வைத்துவிட்டான். அந்த வாரம் வந்த ஜனத்தின் நம்பர் எல்லாம் கோணல்மாணல். டாக்டர் அதற்கும் ஏதோ காரணம் கண்டுபிடித்து ரெஜிஸ்டரில் எழுதினார். போஜனும் நானும் வாயைத் திறக்கவில்லை.

பரிசோதனை இப்படி. முதலில் காது. ஒரே குத்து. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் வடிதாளால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. தாளில் விழும் பொட்டு சாந்துப் பொட்டு அளவில் ஆரம்பித்துக் கடுகளவாகிக் காணாமல் போகும். அடுத்து விரல். முடி மாதிரி மெல்லிசான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற விட்டு, மேஜைக் கல் மேல் வைக்க வேண்டும். அரை நிமிஷத்துக்கு ஒரு துண்டாக ஒடித்துக்கொண்டே வர வேண்டும். ஒடித்த இரண்டு முனைக்கும் நடுவே சிலந்தி நூல் மாதிரி ஒன்று இழுபட்டால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் டாக்டர் பக்கத்தில் நின்று வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச மாட்டார், திட்ட மாட்டார். கோபம் வந்தால் "அம்மணி"யோடு இன்னும் இரண்டு "ங்க" சேரும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்தில் கணக்கு பிரமாதமாக வந்தது. சிலோன் ஜனத்தில் செம்பட்டைக்காரர்களுக்கு உறைய ஒன்பது, பத்து, பதினொரு நிமிஷம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஆபீஸ் குமாஸ்தாக்கள், பாக்டரி ஆட்கள், கறுகறு முடிக்காரர்கள் எல்லோருக்கும் நான்கு, ஐந்து. "கறுப்புக்குப் போதுங்கம்மணி. இனிச் செம்பட்டைக்கு மட்டும் பார்த்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு மாநாட்டுக்குக் கடிதமும் போட்டுவிட்டார்.

அந்த ஜனவரியில்தான் லெட்சுமி வந்தாள்.

நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிற மெடிக்கல் அன்றைக்கு. ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் வேலையில் பதிந்தால்தான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு அறை கிடைக்கும். ஒரு பேர் விழுந்தால் அறை இல்லை, கூடாரம்தான். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. அந்தப் பனியில் கூடாரத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். புருஷன் கிடையாது. சிலோனிலேயே காய்ச்சலில் போய்விட்டான்.

முடி மூன்றாம் நம்பர். காது மூன்று நிமிஷத்தில் நின்றது. விரல் ரத்தம் பதினொரு நிமிஷமாகியும் நூல் கட்டவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து, "செடி வெட்டற கவாத்துக் கத்தி பிடிக்கற வேலைங்க இது. ரத்தம் நிக்காத ஒடம்புக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே "தகுதி இல்லை" என்று எழுதப் போனார்.

"என்னாங்க டாக்டரய்யா பேசுறீங்க!" என்று லெட்சுமி எழுந்தேவிட்டாள். "ரெண்டு புள்ள பெத்தவ நானு. மூத்தது கொடி சுத்திப் பொறந்திச்சு. ரத்தம் நிக்காத ஒடம்புன்னா அன்னைக்கே மண்ணுக்குள்ள போயிருப்பேன். நீங்க விரல் நுனியில ஒரு சொட்ட எடுத்து வச்சிக்கிட்டு என்னியக் கணக்குப் பாக்குறீங்களே!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  லெட்சுமி என் பக்கம் திரும்பினாள். "இந்தா, மிஸ்ஸிக்கும் என்னிய மாதிரிதான் முடி. மிஸ்ஸி வேலை பாக்கலியா? மிஸ்ஸிக்குப் பாருங்க மொதல்ல!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ரோஷக்காரி நான். "பார்த்தாச்சு, நாலு நிமிஷம். வேணும்னா உங்க கண்ணு முன்னாலயே பாக்கறேன்" என்று ஊசியை எடுத்து என் விரலைக் குத்திக் குழாயைக் கல் மேல் வைத்தேன். டாக்டரும் பழக்க தோஷத்தில் வாட்ச்சை அமுக்கி "ஓடட்டும்" என்றார்.

நான்கு நிமிஷம் ஆயிற்று. நூல் இல்லை. ஆறு. இல்லை. எட்டு. லெட்சுமி இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தரை நிமிஷத்தில் நூல் வந்தது.

அட கடவுளே! இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு நிமிஷத்தில் உறைந்த ரத்தம் இப்போது பத்தரைக்கு எப்படிப் போகும்? அப்போதுதான் என் முழங்கை அந்தக் கல்லில் பட்டது. ஐஸ் கட்டி. என்னை முதல் நாள் பார்த்தது பதினொரு மணிக்கு. இப்போது ஏழே முக்கால். எங்கள் லேப்பில் பத்தரைக்கு மேல்தான் ஜன்னல் வழியாக வெயில் இறங்கும். சிலோன் ஜனம் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற அவசரத்தில் ஏழு மணிக்கே வரிசையில் நிற்கும். குமாஸ்தாக்கள் டீ குடித்து, பேப்பர் படித்து, பதினொரு மணிக்கு ஆடி அசைந்து வருவார்கள். குளிரில் ரத்தம் மெதுவாகத்தான் உறையும். இரண்டு வருஷமாக நாங்கள் அளந்தது தலைமுடியை அல்ல, அந்தக் கல் மேடையின் குளிரை! புத்தகத்தில் "அறையின் வெப்பம்" என்று போட்டிருந்தது. கோயம்புத்தூர் அறையில் படித்தவளுக்கு அது உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

"சார், உங்க விரலைக் காட்டுங்க" என்றேன்.

"எனக்கு எதுக்குங்கம்மணி?"

"காட்டுங்க சார்."

டாக்டருக்கு நடுமண்டை வழுக்கை. காதோரம் நாலு முடி, அதுவும் சனிக்கிழமை சாயம். ஏழாம் நம்பரைத் தாண்டிய கறுப்பு. அவர் ரத்தத்துக்குப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. போஜன் சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டு வந்தான். நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு, லெட்சுமியின் விரலை மறுபடி குத்தி, குழாயை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம். நூல்.

டாக்டர் வாட்ச்சை நிறுத்தினார். ரெஜிஸ்டரை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "ரெண்டு வருஷமுங்க அம்மணிங்க" என்றார். அந்த இரண்டு "ங்க"வைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் மனுஷர் என்னைத் திட்டவில்லை. லெட்சுமி சீட்டில் "தகுதி உண்டு" என்று எழுதினார். எழுதிவிட்டு, இத்தனை நாள் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். தலைமுடியைப் பார்த்தாலே போதும் என்று இருந்தவர் இல்லையா!

"ஊட்டுல யாருக்காச்சும் ரத்தம் நிக்காமப் போயிருக்குதுங்களா?"

சீட்டு கைக்கு வந்த சந்தோஷத்தில் இருந்தாள் லெட்சுமி. "எங்க தாய்மாமன் ரெண்டு பேரும் அப்புடித்தாங்க. பெரிய மாமா பல்லுப் புடுங்கப் போனாரு, நாலாம் நாளு..." அத்தோடு நிறுத்திவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டது தெரிந்தது.

டாக்டரின் முகம் மாறியது. பரம்பரையாக வருகிற, ரத்தம் உறையாத இந்த நோய் பெண்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தாய் வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும். புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான்.

"கூடப் பொறந்தவன் யாராச்சும்?"

"இல்லீங்க."

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ஒரு தலை. "யக்கா, முடிஞ்சிச்சா? எனக்குச் சீட்டு குடுத்துட்டாங்க!"

"இது யாரு?"

"பக்கத்துக் கூடாரத்துப் பையங்க."

பக்கத்துக் கூடாரத்துப் பையனுக்கும் இவளுக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி, சிரிக்கிறபோது ஒரே பக்கம் ஏறுகிற ஒரே உதடு. முடி மட்டும் வேறு. எண்ணெய் தடவி வழித்து வாரிய ஏழாம் நம்பர் கறுப்பு. அதனால்தான் அவனுக்கு ரத்தமே பார்க்காமல் "தகுதி உண்டு" என்று கொடுத்திருந்தோம்.

தம்பியேதான். பேர் ராசையா, இருபத்திரண்டு வயது. உள்ளே உட்கார வைத்துக் காதைக் குத்தினேன். மூன்று நிமிஷத்தில் நின்றது. லெட்சுமிக்கு மூச்சு வந்தது. அடுத்து விரல். குழாய் என் உள்ளங்கைச் சூட்டில்தான் இருந்தது. ஐந்து, பத்து, பதினைந்து. ஒடிக்கக் குழாய் போதாமல் இன்னொரு குழாய் எடுத்தேன். இருபது தாண்டியும் நூல் இல்லை. நின்றுபோன காது மறுபடி கசிந்து சட்டைக் காலரில் சொட்டியது. நான் பஞ்சை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அய்யா, அவன் பேர அடிச்சிறாதீங்க" என்று லெட்சுமி கும்பிட்டாள். "ரெண்டு பேரு இருந்தாத்தான் லயம். சின்னக் கீறல்னாலும் ஒரு வாரம் கட்டுப் போட்டுத்தான் காப்பாத்திக் கொண்டாந்தேன். நா பாத்துக்குறேன், அவனக் கத்தியத் தொட விட மாட்டேன்."

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். பொய் எழுத அவருக்கு வராது. "தகுதி இல்லை" என்று எழுதவும் கை போகவில்லை. கடைசியில், "கத்தி, மிஷினு, கவாத்து, எதுவும் இல்லாத வேலை இந்தத் தோட்டத்துல என்னங்க இருக்குது?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.  

"புள்ளக்காம்பரா" என்றாள் லெட்சுமி.

கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறையைச் சிலோன்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆயாம்மா வேலை. "ஆம்பளையா?" என்றான் போஜன். "ஏன், ஆம்பளைக்குத் தொட்டில் ஆட்டக் கை இல்லியா? எம் புள்ளைங்க ரெண்டையும் அவந்தான் வளத்தான்" என்றாள்.

டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனார். மேனேஜர் சிரித்தாராம். இவர் சிரிக்காமல் நின்றுகொண்டே இருந்தாராம். கடைசியில் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். சீட்டில் டாக்டர் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்: "பல் முளைக்காதவர்களோடு வேலை செய்யத் தகுதியானவர்."

டாக்டர் மாநாட்டுக்குப் போகாமல் இருக்கவில்லை. குளிர் அறையில் உறையும் நேரம் பார்த்தால் என்ன கேடு வரும் என்று தன் தப்பைத் தானே நாற்பது நிமிஷம் படித்துவிட்டு வந்தார். முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள் என்று அவரே சொன்னார். ரெஜிஸ்டரில் முடி நிறம் என்ற கட்டத்தை அடித்துவிட்டு அதற்கு மேல் "தாய்மாமன்" என்று எழுதினார். அன்றிலிருந்து பல் பிடுங்க வந்தாலும் சரி, ஆபரேஷனுக்கு வந்தாலும் சரி, "உங்க தாய்மாமன் எல்லாம் நல்லாருக்காங்களா?" என்றுதான் நான் ஆரம்பிப்பேன். கல்யாணமாகாத பொம்பளை மாமனை விசாரித்தால் ஊர் என்ன நினைக்கும்? "ஏனுங்க அம்மணி, மாமனுக்கெல்லாம் கண்ணாலம் ஆயிருச்சுங்க. சித்தப்பன் ஒருத்தன் இருக்கான், பாக்கறீங்களா?" என்று ஒரு காரமடைக்காரம்மா கேட்டதைச் சொல்லிச் சொல்லி போஜன் ஓய்வு பெறும் வரை சிரித்தான்.

பதினெட்டு வருஷம் கழித்து ராசையாவுக்குக் கடைவாய்ப்பல் சொத்தையாகி முகமெல்லாம் வீங்கிவிட்டது. பிடுங்கியே ஆக வேண்டும். பெரிய மாமனுக்கு ஆன கதை எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே புது ரத்தம் தயாராக வைத்துக்கொண்டுதான் கை வைக்க முடியும். நான்கு பேர் ரத்தம் கொடுத்தால் போதும், புள்ளக்காம்பராப் பக்கம் யாரிடமாவது சொல்லி வை என்று லெட்சுமியிடம் சொல்லி அனுப்பினேன். பல் வந்தது, ரத்தம் நின்றது, ராசையா இன்றைக்கும் இருக்கிறான். அதையெல்லாம் பெரிசாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது அன்று காலை லேப் வாசலைத்தான்.

கதவைத் திறந்தால் வரிசை. படியில் இருந்து ரோடு வரைக்கும். எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயது. அவன் தூக்கி, துடைத்து, தூங்க வைத்து வளர்த்த பிள்ளைகள். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மலை வெயிலிலும் மழையிலும் வேலை பார்த்துக் காய்ந்த தலையோடு வந்து நின்றார்கள். மூன்று, மூன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று என் வாய் தானாக எண்ணியது. அத்தனையும் செம்பட்டை. அந்த ஒரு கறுப்பு முடிக்காரனுக்காக.

ஓய்வு பெற்றிருந்த பெரிய டாக்டர், விஷயம் கேள்விப்பட்டு, தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். சாயம் விட்டுப்போய்க் காதோர முடியும் வெளுத்திருந்தது. வரிசையை ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மணி, போஜனைத் தேத்தண்ணி போடச் சொல்லுங்க" என்றார்.

"எதுக்குங்க சார், நிறம் பாக்கவா?"

"இல்லீங்க. ரத்தம் குடுத்துட்டு எந்திரிக்கற பசங்களுக்கு."